கொச்சி இறாலும் கடல் கடந்த சந்தையும்

கேரளக் கரையிலிருந்து இறால் வெளிநாடு போவது, ஐஸ் ஆலையும் குளிர்கிடங்கும் வருவதற்கு முன்பே இருந்த வழக்கம். அன்று அது உலர் சரக்கு. கரையேறிய இறாலை உப்பு நீரில் அவித்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, சாக்கில் போட்டு அடித்தால் ஓடு உதிர்ந்து சதை தனியாக நிற்கும். அதை மூட்டை கட்டி ரங்கூனுக்கும் கொழும்புக்கும் அனுப்பினார்கள். வாங்குகிறவரும் விற்கிறவரும் ஏறக்குறைய ஒரே சமையல் பழக்கம் உள்ளவர்கள். கண்ணால் பார்த்து, மோந்து பார்த்து விலை பேசினால் போதும். ஓர் அடுப்பும் ஒரு முற்றமும் உள்ள குடும்பத்துக்குக்கூட இந்த வணிகத்தில் இடம் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பர்மாச் சந்தை சுருங்கியபோது, இந்தத் தொழிலின் பழைய வாசல் மெல்ல அடைபட்டது.

புதிய வாசல் 1953இல் திறந்தது. அந்த ஆண்டு கொச்சின் கம்பெனி என்ற உள்ளூர் நிறுவனம் உறையவைத்த இறாலை அமெரிக்காவுக்கு அனுப்பியது. இந்தியாவின் உறைநிலைக் கடலுணவு ஏற்றுமதி அதிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது. சரக்கு அதே கடலின் இறால்தான் என்றாலும் வணிகத்தின் இயல்பு அடியோடு மாறியது. வாங்குகிறவர் இப்போது பல ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறார். சரக்கைத் தொட்டுப் பார்க்க அவரால் முடியாது. ஆகவே அவருக்கு எண் தேவைப்பட்டது. தலை நீக்கிய இறால் ஒரு பவுண்டுக்கு எத்தனை நிற்கிறது என்பதே அந்த எண். தொழிலில் அதைக் ‘கவுன்ட்’ என்கிறார்கள். 16/20 என்றால் பவுண்டுக்குப் பதினாறு முதல் இருபது வரை, 21/25 என்றால் அதைவிடச் சற்றுச் சிறியது. எண் கூடக் கூட விலை இறங்கும். எண் பிசகினால் அக்கரையில் சரக்கு நிற்கும், பணம் வராது. கொச்சியின் சிறு வணிகர்கள் கற்க வேண்டியிருந்த முதல் பாடம் இதுதான்.

அதே 1953இல், கொல்லத்துக்கு வடக்கே நீண்டகரையிலும் சக்திகுளங்கரையிலும் இந்திய-நார்வேத் திட்டம் வேலையைத் தொடங்கியது. நார்வேயும் இந்தியாவும் ஐக்கிய நாடுகள் அமைப்பும் 1952 அக்டோபரில் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி வந்த திட்டம் இது. ஏற்றுமதி அதன் நோக்கமாக இருக்கவில்லை. மீனவரின் பிடியைக் கூட்டுவது, பிடித்த மீனை ஐஸில் வைத்து உள்நாட்டுச் சந்தைகளுக்கு நல்ல நிலையில் சேர்ப்பது, கிராமத்துக்குக் குடிநீரும் மருத்துவ வசதியும் தருவது ஆகியவையே திட்டமிடப்பட்டவை. சிறு விசைப்படகுகள் கட்டப்பட்டன, ஐஸ் ஆலையும் உறையவைக்கும் ஆலையும் வந்தன. ஆனால் அக்கடலின் அடிமட்டத்தில் கரிக்காடி இறால் ஏராளமாக இருந்தது. அமெரிக்கா அதற்கு நல்ல விலை கொடுத்தது. விசைப்படகு இழுவைமடியைக் கட்டிக்கொண்டது. உள்ளூர் ஏழைக்கு மீன் தருவதற்காக வந்த ஐஸும் படகும் சில ஆண்டுகளிலேயே டாலர் ஈட்டும் கருவிகளாயின. திட்டம் 1972இல் முடிந்தபோது, நீண்டகரை இந்தியாவின் முக்கியமான இறால் துறைமுகங்களில் ஒன்றாகியிருந்தது. பொருளியலாளர் ஜான் குரியன் பின்னாளில் இந்த மாற்றத்தை விரிவாக ஆராய்ந்து எழுதினார். பெரிய நிறுவனங்கள் எப்படி உள்ளே வந்தன, கட்டுமரமும் வள்ளமும் ஓட்டியவர்கள் எப்படி ஓரங்கட்டப்பட்டார்கள் என்பதை அறிய இன்றும் அவர் எழுத்தைத்தான் முதலில் நாட வேண்டும்.

தனியார் முயற்சிக்குப் பின்னால் அரசு நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 1957இல் கொச்சியில் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் தொடங்கியது. படகு வடிவம், வலை, உறையவைக்கும் முறை, நுண்ணுயிர்ச் சோதனை என்று தொழிலுக்குத் தேவையான அறிவின் பெரும்பகுதி அங்கிருந்து வந்தது. 1961இல் கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சில் எர்ணாகுளத்தில் அமைந்தது. 1963இல் ஏற்றுமதித் தரக்கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறி, 1964இல் ஏற்றுமதி ஆய்வுக் கவுன்சில் உருவானது. இவ்வளவு இருந்தும் அறுபதுகளின் பாதி வரை உலர் சரக்கின் காலம் முழுதாக முடிந்துவிடவில்லை. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பு டாலருக்கு 4.76இலிருந்து 7.50ஆகக் குறைக்கப்பட்ட பிறகுதான் உறைந்த இறாலும் டின் இறாலும் சட்டென்று முன்னேறின. டாலர் அதே டாலர்தான். ரூபாய்க் கணக்கில் வருமானம் பாதிக்கு மேல் கூடியது. எத்தனையோ பயிற்சி வகுப்புகளால் ஆகாததை அந்த ஒரு முடிவு செய்தது.

1972இல் மேம்பாட்டுக் கவுன்சிலுக்குப் பதிலாகக் கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் வந்தது. எம்பெடா என்றால் கடற்கரையில் எல்லோருக்கும் தெரியும். ஏற்றுமதியாளர், ஆலை, தோலுரிக்கும் கொட்டகை, படகு எல்லாவற்றையும் பதிவு செய்வதும், ஐஸ் ஆலைக்கும் குளிர்பெட்டிக்கும் மானியம் தருவதும், வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்கு வணிகர்களை அழைத்துப் போவதும் அதன் பணி. டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் அதற்கு அலுவலகம் இருந்தது. உலக அளவிலும் இந்தக் காலத்தில்தான் ஏழை நாடுகளின் சிறு நிறுவனங்களைச் சந்தைக்குக் கொண்டுசேர்க்கும் அமைப்புகள் பிறந்தன. ஜெனீவாவில் பன்னாட்டு வணிக மையம் 1964இல் தொடங்கியது. நெதர்லாந்து அரசு 1971இல் வளரும் நாடுகளின் ஏற்றுமதிக்கென்றே ஒரு மையம் வைத்தது. ஆசியக் கடலுணவு வணிகர்களுக்கு விலைச் செய்தியும் வாங்குவோர் விவரமும் தரும் இன்ஃபோஃபிஷ் 1981இல் கோலாலம்பூரில் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் திட்டமாகப் பிறந்தது. யார் வாங்குகிறார், என்ன விலை, எந்த அளவுப் பெட்டி என்ற மூன்று செய்திகள் கிடைக்காமல்தான் பல சிறு நிறுவனங்கள் கரையிலேயே நின்றன. அந்த வகையில் இந்த அமைப்புகளின் உதவி மெய்யானது.

முதல் முப்பது ஆண்டுகளில் சிறியவர்கள் இந்தத் தொழிலில் நிலைத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அன்றைய தரச்சோதனை கடைசிப் பொருளை மட்டுமே பார்த்தது. ஆய்வாளர் ஆலைக்கு வருவார். அடுக்கியிருக்கும் பெட்டிகளிலிருந்து சிலவற்றை எடுப்பார். இரண்டு கிலோ கட்டியை நீரில் உருக்கி, இறாலை எண்ணி, எடை போட்டு, கரும்புள்ளி உள்ளதா, மணம் மாறியிருக்கிறதா என்று பார்த்து, நுண்ணுயிர்ச் சோதனைக்கு மாதிரி எடுத்துப் போவார். சரக்கு எங்கே உரிக்கப்பட்டது, எந்தத் தண்ணீரில் கழுவப்பட்டது என்ற கேள்வி பெரிதாக எழவில்லை. அதனால் சொந்த ஆலை இல்லாதவரும் ஏற்றுமதியாளராக முடிந்தது. கொட்டகைகளிலிருந்து உரித்த இறாலை வாங்கி, இன்னொருவர் ஆலையில் வாடகைக்கு உறையவைத்து, தன் பெயரில் கப்பலேற்றுகிறவரை ‘மெர்ச்சன்ட் எக்ஸ்போர்ட்டர்’ என்றார்கள். கைமுதல் குறைவாகவும் கடற்கரைப் பழக்கம் நிறைவாகவும் உள்ளவருக்கு அது நல்ல ஏணி.

அந்த ஏணியின் கீழ்ப்படி, பீலிங் ஷெட் எனப்படும் தோலுரிக்கும் கொட்டகை. அரூர், சந்திரூர், எழுபுன்னை என்று ஆலப்புழை மாவட்டத்தின் வடக்கு ஓரத்திலும், கொல்லம் கரையிலும், கொச்சியைச் சுற்றியும் நூற்றுக்கணக்கில் இவை இருந்தன. சிமென்டுத் தரை, ஓலை அல்லது ஓட்டுக் கூரை, ஒரு கிணறு, ஓர் எடைக்கல்; பல கொட்டகைகளில் இருந்தது இவ்வளவுதான். படகு வரும் நேரம்தான் வேலை நேரம். பின்னிரவில் லாரி வந்தால் பின்னிரவில் அழைப்பு வரும். பெண்கள் குத்துக்கால் இட்டு வரிசையாக உட்கார்ந்து, ஐஸோடு கொட்டிய குவியலிலிருந்து ஒவ்வொன்றாக எடுப்பார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து தலையைத் திருகும். அடுத்த அசைவில் ஓடு கழன்று வரும். வால்நுனியைக் கிள்ளி இழுத்தால் சதை முழுசாக வெளியே வர வேண்டும். உடைந்தால் அது வேறு தரம், வேறு விலை. கரிக்காடியும் பூவாலனும் சிறிய இறால்கள். ஒரு கிலோ சதைக்கு இந்த அசைவை நூற்றுக்கணக்கான முறை செய்ய வேண்டும். கூலி நாள் கணக்கில் அல்ல, உரித்து நிரப்பும் பேசின் பாத்திரக் கணக்கில். ஐஸ் நீரில் மணிக்கணக்காக ஊறிய விரல்களில் தோல் வெடித்து, நகக்கண் புண்ணாவது இத்தொழிலின் நிரந்தரச் சங்கடம். எண்பதுகளில் குஜராத்தின் வேராவலில் ஆலைகள் பெருகியபோது, இந்தக் கைத்திறனுக்காகவே கேரளத்து இளம்பெண்களை ஒப்பந்தக்காரர்கள் அங்கே கூட்டிப்போனார்கள். ஏற்றுமதி மேம்பாடு என்ற பெயரில் வந்த மானியங்களில் மிகச் சிறிய பங்குகூட இந்த விரல்களை எட்டவில்லை. இத்தொழிலின் வரலாற்றில் மிக நீண்ட காலம் திருத்தப்படாமல் கிடந்த தவறு அதுவே.

எழுபதுகளின் பிற்பாதியில் அமெரிக்காவை முந்திக்கொண்டு ஜப்பான் முதன்மைச் சந்தை ஆயிற்று. ஜப்பானியர் பெரிய இறாலைத் தேடினார்கள். ஓட்டின் நிறம், அடுக்கின் ஒழுங்கு எல்லாம் விலையைத் தீர்மானித்தன. சிறிய இறாலும் கணவாயும் ஐரோப்பாவுக்குப் போயின. அதே அலை தமிழ்நாட்டுக் கரையையும் தொட்டது. அறுபதுகளிலிருந்து அரசு உதவியோடு பெருகிய இழுவைப்படகுகள் பாக் விரிகுடாவில் இறாலைத் துரத்தின. தூத்துக்குடியிலும் மண்டபம், இராமேசுவரம் பக்கத்திலும் வணிகம் வளர்ந்தது. அந்த விரிகுடாவில் இன்றுவரை தமிழக மீனவருக்கும் இலங்கைத் தமிழ் மீனவருக்கும் இடையே நீடிக்கும் வேதனையான பூசலின் வேர், அன்றைய இறால் விலையில் இருக்கிறது. கேரளத்தில் நாட்டுப்படகு மீனவர்களின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1988இல் மழைக்கால இழுவைத் தடை வந்தது.

தொண்ணூறுகளில் தரம் என்பதன் பொருளே மாறியது. கடைசிப் பொருளைச் சோதிப்பது போதாது, தயாரிக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் கேடு எங்கே நுழையலாம் என்று முன்கூட்டியே கண்டு தடுக்க வேண்டும் என்ற முறை உலகெங்கும் பரவியது. விண்வெளி வீரர்களின் உணவுக்காக அமெரிக்காவில் அறுபதுகளில் உருவான இந்த முறைக்கு ஹாசப் என்று பெயர். ஐரோப்பியச் சமூகம் 1991இல் மீன்பொருள்களுக்கான சுகாதார ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1995இல் வெளியிட்ட கடலுணவு ஹாசப் விதி, 1997 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இவற்றின்படி கேள்வி இனி பெட்டிக்குள் இருக்கும் இறாலைப் பற்றி மட்டும் இல்லை. கழுவும் நீர், ஐஸ் செய்த நீர், மேசை மரமா எஃகா, சுவரும் தரையும் சேரும் மூலை வளைவாக இருக்கிறதா, கழிப்பறையிலிருந்து வருகிறவர் கால் நனைக்கும் குளோரின் தொட்டி எங்கே என்று எல்லாமே கேள்வி.

கொச்சி இதற்கு ஆயத்தமாகும் முன்பே இடி விழுந்தது. சால்மொனெல்லா கிருமி திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கப்பட்டதும், நேரில் வந்த ஐரோப்பிய ஆய்வாளர்கள் ஆலைகளில் கண்ட குறைகளும் சேர்ந்து, 1997 ஆகஸ்டில் இந்திய மீன்பொருள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. வங்கதேச இறாலுக்கும் ஏறக்குறைய அதே நாளில் தடை வந்தது. ஜப்பானுக்குப் புலி இறால் அனுப்பிய கிழக்குக் கரை ஓரளவு தாங்கியது. சிறு இறாலையும் கணவாயையும் நம்பியிருந்த கேரளத்துக்கு ஐரோப்பாதான் உயிர்ச் சந்தை. அடி அங்கே பலமாக விழுந்தது. ஆலை நின்றால் கொட்டகை நிற்கும், கொட்டகை நின்றால் அடுப்பு நிற்கும். ஏற்றுமதி ஆய்வுக் கவுன்சிலைப் பொறுப்பு அமைப்பாக ஐரோப்பா ஏற்றது. கவுன்சில், எம்பெடா, மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ஆகியவற்றின் வல்லுநர்கள் குழுவாக ஆலை ஆலையாகச் சென்று பார்த்தார்கள். தேறிய ஆலைகளுக்கு எண் கொடுத்து, அந்தப் பட்டியல் ஐரோப்பாவுக்குப் போய், 1997 டிசம்பர் இறுதியில் அவற்றுக்கு மட்டும் தடை நீங்கியது.

தடை நீங்கிய விதம்தான் தொழிலின் பின்னைய வடிவத்தைத் தீர்மானித்தது. அங்கீகாரம் இப்போது வணிகருக்கு இல்லை, ஆலைக்கு. அதிலும் தோலுரிப்பு அந்த ஆலையின் கட்டுப்பாட்டுக்குள்ளேயே நடக்க வேண்டும் என்பது சில ஆண்டுகளில் கட்டாயமாயிற்று. கிணற்று நீரையும் ஓலைக் கூரையையும் நம்பிய கொட்டகைக்கு இதில் இடமில்லை. குளோரின் கலந்த குளிர்நீர், எஃகு மேசை, உடைமாற்றும் அறை, சொந்த ஆய்வகம் என்று முதலீடு ஏறிக்கொண்டே போனது. கேரள ஆலைகளில் பாதிக்கும் மேல் திறன் ஏற்கெனவே சும்மா கிடந்த நேரம் அது. கடன் வாங்கிக் கட்டியவர்களில் பலர் வட்டிக்காக ஓட்டினார்கள். முடியாதவர்கள் வாடகைக்கு விட்டார்கள் அல்லது மூடினார்கள். எம்பெடாவின் மானியமும் ஆலை வைத்திருந்தவருக்கே பயன்பட்டது. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. புதிய கூடங்களுக்குள் வந்த பெண்கள் நின்றுகொண்டு, கையுறையோடு, கூரையும் கழிப்பறையும் உள்ள இடத்தில் வேலை செய்தார்கள். வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் நேரம் கிடைத்தபோது உரித்துக் காசு பார்த்த வயதான பெண்களுக்கோ அந்த வேலையே இல்லாமல் போயிற்று. சிறு ஏற்றுமதியாளர்கள் கூட்டாகப் பொதுக் கூடம் கட்டிக்கொள்ளும் முயற்சிகளும் அரூர் வட்டாரத்தில் நடந்தன. விதியை ஏற்றுக்கொண்டே சிறியவர் பிழைப்பதற்கு அக்காலத்தில் கிடைத்த ஒரே நேர்மையான வழி அது.

இதற்கிடையே கிழக்குக் கரையில் வளர்ப்பு இறால் பெருகியிருந்தது. நாகப்பட்டினம் பகுதியில் வயல்களும் குடிநீரும் உப்பாவதை எதிர்த்துக் காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடற்கரையை ஒட்டிய இறால் பண்ணைகளை அகற்ற ஆணையிட்டது. அதன் பின் 2005இல் வந்த சட்டம் பண்ணைகளுக்குப் பதிவு முறையைக் கொடுத்து, சென்னையில் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தை அமைத்தது. சந்தைப் பக்கத்தில் 2002 வாக்கில் புதிய சிக்கல் எழுந்தது: நோய்க்குத் தரும் எதிர்உயிரி மருந்துகளின் எச்சம். ஐரோப்பிய ஆய்வகங்களின் கருவிகள் நுட்பமாகிவிட்டன. குளோரம்ஃபெனிகாலுக்கு 0.3, நைட்ரோஃப்யூரான் எச்சத்துக்கு 1 என்று நூறு கோடியில் ஒரு பங்கு அளவுக் கணக்கில் வரம்பு வந்தது. இந்த நுட்பத்தில் தப்பிக்க வேண்டுமானால் சோதனை ஆலையில் தொடங்கினால் போதாது. குளத்திலேயே தொடங்க வேண்டும். எம்பெடா பண்ணைப் பகுதிகளில் ஆய்வகங்கள் வைத்து, அறுவடைக்கு முன்பே மாதிரி எடுத்துச் சான்று தரும் முறையைக் கொண்டுவந்தது. இரண்டு ஹெக்டேருக்கும் குறைந்த குளம் வைத்திருப்போரே மிகப் பலர் என்பதால், 2007இல் காக்கிநாடாவில் தேசிய நிலைத்த நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் தொடங்கப்பட்டது. பக்கத்துப் பக்கத்துக் குளக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து ஒரே நாளில் குஞ்சு விடுவது, சோதித்த குஞ்சை ஒன்றாக வாங்குவது, தடை செய்த மருந்தைத் தொடுவதில்லை என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது ஆகியவை அதன் வழி. நிறுவனத்தை விட்டுவிட்டு உற்பத்தி செய்கிறவரிடமே போன உதவி என்பதால், இத்தொழிலில் நடந்த முயற்சிகளில் இதற்குத் தனி மதிப்பு உண்டு.

அமெரிக்கச் சந்தையின் தடை வேறு வகை. அங்கிருந்த இறால் பிடிப்போர் தொடுத்த மனுவின்பேரில், 2005 பிப்ரவரியில் இந்தியா உட்பட ஆறு நாடுகளின் இறாலுக்குக் குவிப்புத் தடுப்பு வரி விழுந்தது. தனியாக விசாரிக்கப்படாத இந்திய ஏற்றுமதியாளர்களுக்கு அது 10.17 விழுக்காடு. ஆண்டுதோறும் மறுபரிசீலனைக்குக் கணக்குக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ள வழக்கறிஞர் வைக்க வேண்டும். பெரிய நிறுவனத்துக்குத்தான் அது கட்டுப்படியாகும். கூடவே கேட்கப்பட்ட சுங்கப் பிணைத்தொகையை உலக வணிக அமைப்பில் இந்தியாவும் தாய்லாந்தும் எதிர்த்து 2008இல் வென்றன.

2009இல் இந்தியா வெள்ளைக்கால் இறாலான வன்னமெய் வளர்க்க அனுமதி கொடுத்தது. நோயற்ற தாய் இறால்கள் வெளிநாட்டிலிருந்து வந்து, சென்னை நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தும் நிலையத்தில் சோதிக்கப்பட்ட பிறகே பொரிப்பகங்களுக்குப் போயின. ஆந்திரக் குளங்களிலிருந்து ஒரே அளவு இறால் ஆண்டு முழுவதும் வரத் தொடங்கியதும், தொழிலின் மையம் கொச்சியை விட்டு விசாகப்பட்டினத்துக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் நகர்ந்தது. அமெரிக்கா மறுபடி முதல் சந்தை ஆயிற்று. கேரளத்தின் பங்கு சுருங்கியது. கடலில் பிடிக்கும் சிறு இறால், கணவாய், மீன் என்று எஞ்சியதை வைத்து ஆலைகள் ஓடின.

கடல் சரக்குக்கு விதிகள் இப்போது படகுவரை வந்துவிட்டன. 2010 ஜனவரி முதல் ஐரோப்பாவுக்குப் போகும் ஒவ்வொரு கடல்மீன் சரக்கோடும் பிடிப்புச் சான்று வேண்டும். எந்தப் படகு, எந்தப் பகுதி, எவ்வளவு எடை என்று எம்பெடா உறுதி செய்கிறது. அமெரிக்காவோ கடலாமைகளைக் காரணம் காட்டி 2019 முதல் இந்தியாவின் கடல்பிடி இறாலை வாங்குவதில்லை. வலையில் சிக்கும் ஆமை தப்பிப்போக வழிவிடும் சட்டகத்தை இழுவைமடியில் பொருத்த வேண்டும் என்பது நிபந்தனை. அதற்கு உள்நாட்டு வடிவம் ஒன்றைக் கொச்சியின் மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கி, துறைமுகம் துறைமுகமாகச் செய்து காட்டி வருகிறது. அந்தத் திறப்பு வழியே இறாலும் போய்விடும் என்பது படகுக்காரர்களின் நெடுநாள் வாதம். கருவியை இலவசமாகக் கொடுத்தாலும், குறையும் பிடிக்கு ஈடு யார் தருவார்கள் என்ற பேச்சு அரசுக்கும் படகுச் சங்கங்களுக்கும் இடையே நடந்துகொண்டிருக்கிறது.